கம்புகளுக்கு முன்னால் என் பெயர்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் ரோட்டில் இடது கைப்பக்கம் நீல நிறத் தகர ஷெட் ஒன்று வரும். வாசலில் இரும்புப் பைப்புகள் அடுக்கியிருக்கும். அது என் குடோன். உள்ளே இருக்கிற ஒவ்வொரு பைப்பும், ஒவ்வொரு தகரமும், ஒவ்வொரு பிளாஸ்டிக் நாற்காலியும் நான் சம்பாதித்தது. நாலாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் மிளகாய் பறித்தார்கள். நான் ஒரு பந்தல்காரரிடம் கம்பு சுமக்கப் போனேன். இன்றைக்கு நரிக்குடி, பரளச்சி, திருச்சுழி வட்டாரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ கோயில் பொங்கலோ, பந்தல் என்றால் முதலில் என் போன்தான் அடிக்கும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். இந்தப் பெருமைதான் என் மருமகளுக்கு வரவேண்டிய வேலையைக் கெடுத்தது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கு எதிலும் என் பெயர் இருக்க வேண்டும். பைப்பில் சிவப்புப் பெயிண்டில் என் பெயரின் முதல் எழுத்து, நாற்காலி முதுகில் முழுப் பெயர், சமையல் அண்டாவில் வெட்டிய பெயர். கோயிலுக்குக் கொடுத்த டியூப் லைட்டில் 'உபயம்' என்று போட்டு, பெயரையும் ஊரையும் தொழிலையும் எழுதிவைத்தேன். "இவுக குடுத்த லைட்டுல வெளிச்சத்தத் தவிர எல்லாம் தெரியுது" என்று என் வீட்டுக்காரி பூசாரியிடமே சொன்னாள். நான் பொருட்படுத்தவில்லை. ஒன்றுமில்லாமல் வந்தவனுக்குப் பெயர் எவ்வளவு பெரிய சொத்து என்று மற்றவர்களுக்குப் புரியாது.

ஒரே ஒரு கம்பில் மட்டும் என் பெயர் இருக்காது. முகூர்த்தக்கால். பந்தலுக்கு முதலில் ஊன்றுகிற அந்தக் கம்பு, கல்யாண வீட்டுக்காரர்களுடையது. மாவிலை கட்டி, மஞ்சள் பூசி அவர்கள் ஊன்றிய பிறகுதான் என் கம்புகள் இறங்கும். அதில் பெயிண்ட் படக்கூடாது என்று ஆட்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன். முதல் இடம் நம்முடையது அல்ல என்பது இந்தத் தொழிலில் முதல் நாளே கற்றுக்கொள்கிற விஷயம். அதைத்தான் நான் மறந்தேன்.

என் மகனுக்குத் தூத்துக்குடியில் ஷிப்டு வேலை. லீவு கிடைக்கும்போது வந்துபோவான். மருமகள் மதுரையில் இன்ஜினியரிங் படித்து, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள். பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து இருந்தாள். பேத்தி எல்கேஜி போக ஆரம்பித்ததும் மறுபடி வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். எல்லாக் கம்பெனியும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன. இத்தனை வருஷம் சும்மா இருந்தீர்களே, எதையாவது செய்து காட்ட முடியுமா?

அதற்காகத்தான் என் பந்தல்களைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனாள். குடோனில் ஒரு மூலையில் மேசை போட்டு, மத்தியான வேளைகளில் உட்கார்ந்து அந்தப் புரோகிராமை எழுதினாள். ஒரு பந்தலை அதில் வரைந்து வைத்துக்கொள்ளலாம். எத்தனை கம்பு, எந்தக் கம்பு எங்கே, என்ன உயரம், மேலே என்ன நிறத் துணி, எல்லாம் அதில் இருக்கும். அடுத்த வருஷம் அதே கோயிலுக்குப் போகும்போது திறந்து பார்த்து, அப்படியே லோடு ஏற்றலாம். முன்பெல்லாம் எல்லாம் என் தலைக்குள் இருந்தது. நான் படுத்தால் பந்தலும் படுக்கும்.

"பந்தல எப்படிம்மா இதுக்குள்ள வச்ச?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நரிக்குடியில போட்ட பந்தலைப் பரளச்சிக்கு எப்படிக் கொண்டு போவீக மாமா?"

"எப்படிக் கொண்டு போவாக? பிரிச்சு, லோடு ஏத்தி, எறக்கி, மாட்டணும்."

"வண்டியில போகும்போது அது பந்தலா?"

"வண்டியில போறது பைப்பும்மா. ஊனுனாத்தான் பந்தல்."

"அம்புட்டுத்தான் மாமா. புரோகிராம் ஓடும்போது இதுக்குள்ள முழுப் பந்தல் நிக்குது. அத ஆப்ஜெக்டும்போம். கரண்டு போனா அதுவும் போயிரும். அதனால பிரிச்சு, பைட்டு பைட்டா ஒரே வரிசையில ஃபைலுக்குள்ள ஏத்தி வச்சிருவோம். வேணும்கிறப்ப அந்த வரிசையில எறக்கி, மறுபடி நிறுத்துவோம்."

"இதையா காலேஜுல வருஷக்கணக்கா சொல்லிக் குடுத்தாக? என்கிட்ட வந்திருந்தா ஒரு டீக்குச் சொல்லியிருப்பேன்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள். "உங்க பைப்புல பெயிண்டு இருக்கும், பாத்ததும் தெரியும். என் ஃபைலுல இது கம்பு, இது துணின்னு எதுலயும் எழுதியிருக்காது மாமா. வெறும் நம்பர்தான். முதல்ல கம்பு எத்தனைன்னு ஒரு நம்பர். அப்புறம் ஒவ்வொரு கம்பா. அப்புறம் துணி. எறக்குற ஆளு அந்த வரிசையத் தெரிஞ்சு வச்சிருக்கணும். வரிசை மாறுனா கம்பத் துணின்னு நெனச்சுக்கும்."

நான் தலையை ஆட்டினேன். எனக்குப் புரிந்தது என்று அன்று மாலை டீக்கடையில் நாலு பேரிடம் விளக்கமும் சொன்னேன்.

ஒரு கம்பெனி அவளை இன்டர்வியூவுக்கு அழைத்தது. வீட்டிலிருந்தபடியே பார்க்கிற வேலை, வீடியோவில்தான் இன்டர்வியூ. எழுதிய புரோகிராமை ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அதுதான் சரியான வேலை. பிள்ளையை விட்டுப் போக வேண்டாம், எங்களையும் விட்டுப் போக வேண்டாம். அந்தச் செய்தி வந்த நாளில் சமையலறையில் அவள் பாட்டு முணுமுணுத்ததை நான் கேட்டேன். அதற்கு முன் அவள் பாடி நான் கேட்டதில்லை.

புரோகிராமை ஒன்றுக்கு இரண்டு தடவை ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று உறுதி செய்துகொண்டு, லேப்டாப்பைக் குடோனிலேயே விட்டுவிட்டு, பரமக்குடியில் அம்மா வீட்டு விசேஷத்துக்குப் போனாள். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் இரவு திரும்புவதாக ஏற்பாடு.

அந்த இடைவெளியில் திருச்சுழியிலிருந்து பிளெக்ஸ் போர்டு அடிக்கிற கடைக்காரர், கோயில் வளைவுக்கு அளவெடுக்க குடோனுக்கு வந்தார். நான் அவருக்குப் புரோகிராமைத் திறந்து காட்டினேன். கேட்காதவர்களுக்கே காட்டுவேன், அவர் கேட்டார் வேறு. பந்தல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பிரமாதம் அண்ணாச்சி. ஆனா உங்க பேர எங்கயும் காணோமே."

குத்தியது. உண்மையிலேயே எங்கேயும் இல்லை. என் பைப்பு, என் பந்தல், என் குடோன், என் கரண்டு. பெயர் மட்டும் இல்லை.

"நானும் பி.எஸ்சி. கம்ப்யூட்டர்தான், போட்டுத் தாரேன்" என்றார் அவர். "ஒவ்வொரு பந்தலோடயும் உங்க பேரும் சேந்து ஃபைலுக்குள்ள போற மாதிரி செஞ்சிருவோம். பேர முதல்ல போடவா, கடைசியில போடவா?"

"பேரு எங்கய்யா கடைசியில வரும்? முதல்லதான்."

அவர் டீ குடித்து முடிப்பதற்குள் செய்துவிட்டார். புதிதாக ஒரு பந்தல் வரைந்து, சேமித்து, மறுபடி திறந்தோம். உச்சியில் 'உபயம்' என்று போட்டு என் பெயர் வந்தது. கீழே பந்தல். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அவருடைய பிளெக்ஸுக்கு நான் பேரம்கூடப் பேசவில்லை. பழைய பந்தல் எதையும் திறந்து பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கேட்டால், 'எதுக்கு மாமா' என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்துதான் கேட்கவில்லை. இப்போது யோசித்தால் அதுதான் உறுத்துகிறது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. கேட்கக்கூடாது என்று தெரிந்தே கேட்காமல் விட்டேன்.

பரமக்குடி பஸ் தாமதமாகி, வந்ததும் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு அவளும் தூங்கிவிட்டாள். காலையில் குடோனில் மேசையைத் துடைத்து, லேப்டாப்பை வைத்தாள். நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இந்தப் புரோகிராமை வைத்துத் தொழில் செய்கிறவர் அருகில் இருந்தால் நல்லது என்று அவளேதான் சொல்லியிருந்தாள்.

திரையில் ஓர் அம்மாவும் ஒரு தம்பியும். அந்த அம்மாவுக்கு நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. நன்றாகத்தான் பேசினார்கள். மருமகள் புரோகிராமை ஓட்டினாள். என் பெயர் மேலே வந்ததும் அவள் கை ஒரு கணம் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மீசையைத் தடவினேன். பிறகு அவள் புதிதாக ஒரு பந்தல் வரைந்து, சேமித்து, திறந்து காட்டினாள். சரியாக வந்தது.

"இத நிஜமா யாராச்சும் பயன்படுத்துறாங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் சாய்ந்தேன். "நாந்தாம்மா பயன்படுத்துறேன். கம்பு சுமந்து வந்தவன். இதுல இருக்கிறது பூராம் என் மூளை. நான் சொல்லச் சொல்ல இவ அடிச்சா." அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஏம்மா, போன பங்குனிக்கு நரிக்குடியில போட்டோமே, அந்தப் பந்தலத் தெறந்து காட்டு. பாக்கட்டும்" என்றேன்.

அவள் திறந்தாள்.

என் பெயர் வர வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக, கொக்கி கொக்கியாக என்னென்னவோ வந்தது. நீளமாக, திரையின் அந்தக் கடைசி வரைக்கும். கீழே கம்புகளைக் காணோம். ஒரே ஒரு கம்பு வந்தது. அதன் உயரம் என்று காட்டிய எண்ணுக்கு அது இங்கிருந்து ராமேஸ்வரம் தாண்டிக் கடலுக்குள் போகும். பிறகு சிவப்பு எழுத்தில் ஏதோ வந்து, புரோகிராம் நின்றுபோனது.

என்ன நடந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. பழைய ஃபைலில் முதலில் இருந்தது கம்புகளின் எண்ணிக்கை. புதுப் புரோகிராம் முதலில் தேடியது என் பெயரை. பெயர் எத்தனை பைட் நீளம் என்று ஒரு எண் முதலில் வரும் என்று அது எதிர்பார்த்தது. அந்த இடத்தில் இருந்த கம்புகளின் எண்ணிக்கையை என் பெயரின் நீளம் என்று எடுத்துக்கொண்டது. பிறகு அடுத்தடுத்து இருந்த கம்புகளை எழுத்துகள் என்று நினைத்து வாரி என் பெயருக்குள் போட்டது; மிஞ்சியதை இடம் மாறிப் படித்து, அந்த ஒற்றைக் கம்பாக்கியது. நரிக்குடிப் பந்தலின் கம்புகளை என் பெயர் தின்றுவிட்டது.

அன்று அதெல்லாம் தெரியாது. ஆனால் நான் செய்ததுதான் காரணம் என்பது மட்டும் அந்த நொடியே தெரிந்தது.

"முன்ன சேமிச்சத இது படிக்க மாட்டேங்குதே. இடையில கிளாஸுல உள்ள வரிசைய மாத்துனீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். கோபம் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

மருமகள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் ஒரு முழத் தூரத்தில் இருந்தேன். மைக் என் வாய்க்கு நேராக இருந்தது. 'நாந்தாம்மா கை வச்சேன், இவளுக்குத் தெரியாது' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். பஞ்சாயத்திலும் மைக் செட்டிலும் யாருக்கும் இடம் கொடுக்காமல் பேசுகிற வாய் இது. அன்று திறக்கவில்லை. இதெல்லாம் என் மூளை என்று அப்போதுதான் சொல்லியிருந்தேன். சொன்ன வாய் காய்வதற்குள் எப்படி மாற்றிச் சொல்வது என்று இருந்துவிட்டேன்.

"ஆமா மேடம்" என்றாள் அவள். "புதுசா ஒண்ணு சேந்திருக்கு. ஃபைலோட தலையில வெர்ஷன் நம்பர் போட்டிருக்கணும். பழசா புதுசான்னு பாத்துப் படிச்சிருக்கும். போடாம விட்டது என் தப்பு."

அந்தத் தம்பி எதையோ குறித்துக்கொண்டார். தெரிவிக்கிறோம் என்றார்கள். நன்றி சொன்னார்கள். திரை இருண்டது.

அவள் என்னைத் திட்டவில்லை. மாற்றியிருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போட்டுக் குடுத்திருப்பேன் மாமா."

பிறகு எழுந்து, பேத்தியை அழைத்துவரப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பள்ளிக்கூடம் விடும் நேரம் இன்னும் ஆகியிருக்கவில்லை.

வீட்டுக்காரி நடந்ததைக் கேட்டுவிட்டுச் சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்தாள். "முகூர்த்தக்கால்ல பெயிண்டு அடிக்கிற ஆளப் பாத்திருக்கியளா? இந்தா, நான் வச்சுக் குடும்பம் நடத்துறேன்" என்றாள்.  நான் சாப்பிடவில்லை.

மறுநாள் பஸ் ஏறித் திருச்சுழிக்குப் போனேன். யார் மேலாவது கோபப்பட்டால் கொஞ்சம் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். பிளெக்ஸ் கடைக்காரர் முழுவதும் கேட்டார்.

"அண்ணாச்சி, முதல்லயா கடைசிலயான்னு நான் கேட்டேனா இல்லையா?"

"கேட்டீரு."

"யாரு முதல்லன்னது?"

நான் சுவரில் சாய்த்திருந்த போர்டுகளைப் பார்த்தேன். அவர் ஒரு டீ சொன்னார். குடித்துவிட்டு வந்தேன். கொண்டுபோன பாரத்தை அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன்.

கடைசியில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருமகளிடம் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "கடைசியில போட்டிருந்தா கம்பு துணி எல்லாம் ஒழுங்கா எறங்கியிருக்கும் மாமா. பேருக்குத்தான் ஒண்ணும் கெடச்சிருக்காது. அங்கேயும் எரர் வந்திருக்கும், ஆனா என்ன ஏதுன்னு பாத்து அங்கயே சரி பண்ணியிருப்பேன்" என்றாள்.

கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். அவள் படித்துவிட்டு லேப்டாப்பை மூடி, துவைத்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். நான் வாசற்படியில் நின்றேன்.

"அவுகளுக்கு எழுதும்மா. மாமனாருதான் கை வச்சாருன்னு எழுது. நானே போன் போட்டுச் சொல்றேன்."

"சொன்னா அவுக என்ன நெனப்பாக மாமா? யாரு வேணும்னாலும் கை வைக்கிற மாதிரி எழுதி வச்சிருக்காளேன்னுதான் நெனப்பாக."

"நான் அன்னைக்கே சொல்லியிருந்தா?"

மடித்துக்கொண்டிருந்த துணியைப் பார்த்தபடியே சொன்னாள். "அன்னைக்குச் சொல்லியிருந்தா எனக்கு நல்லாருந்திருக்கும்."

வேலை கிடைத்திருக்கும் என்று அவள் சொல்லவில்லை. இதைத்தான் சொன்னாள். அருப்புக்கோட்டை வெயிலில் கம்பு சுமந்து தோளில் காய்ப்பு ஏறினவன் நான். அந்த வார்த்தையைச் சுமக்க முடியவில்லை.

பிறகு அவள் புரோகிராமைச் சரிசெய்தாள். ஃபைலின் தலையில் என் பெயருக்கும் கம்புக்கும் முன்னால் வெர்ஷன் எண் வைத்தாள். பழைய ஃபைல்களை எல்லாம் பழைய வரிசைப்படி இறக்கி, புது வரிசையில் மறுபடி ஏற்றினாள். நரிக்குடிப் பந்தல் ஒரு கம்பு குறையாமல் எழுந்து நின்றது. என் பெயரை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"பழைய பந்தலுக்கெல்லாம் பேரு இடம் காலியா இருக்கு மாமா. அதுலயும் உங்க பேரப் போட்டுரவா?"

"வேண்டாம்மா. காலியாவே இருக்கட்டும்."

அவள் வற்புறுத்தவில்லை.

கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்த பிறகு வேறொரு கம்பெனி அழைத்தது. அதே மேசை, அதே புரோகிராம். அன்று பரளச்சியில் ஒரு கல்யாணப் பந்தல் பிரிக்க வேண்டியிருந்தது. ஆட்களே பார்த்துக்கொள்வார்கள், இருந்தாலும் நான் காலையிலேயே வண்டியேறிப் போய்விட்டேன். நாள் முழுக்கப் பைப்பு இறக்கினேன். இந்த வயதில் எதற்கு என்று ஆட்கள் கேட்டார்கள். சாயங்காலம் திரும்பியபோது வீட்டுக்காரி வாசலிலேயே நின்றாள். வேலை கிடைத்துவிட்டது. நல்ல வேலை.

"என்னம்மா கேட்டாக?" என்றேன் மருமகளிடம்.

"நீங்க செஞ்ச பெரிய தப்பு எது, அத எப்படிச் சரி பண்ணுனீங்கன்னு கேட்டாக. நரிக்குடிப் பந்தல் கதையச் சொன்னேன். அதுதான் அவுகளுக்குப் பிடிச்சுப்போச்சு."

"தப்பு யாரோடதுன்னு சொன்ன?"

"என்னோடதுன்னுதான் மாமா. வெர்ஷன் நம்பர் போடாதது நான்தான?"

அவள் சொன்னது சரியாகவும் இருக்கலாம், அவள் தொழிலில். அவளுக்கு அது முடிந்துபோன விஷயம். நான் செய்ததைத் தன்னுடையது என்று இரண்டாவது தடவையும் சொல்லி, அதை வைத்தே வேலையும் வாங்கிவிட்டாள். சந்தோஷப்பட வேண்டியதுதான். நானும் ஊருக்கெல்லாம் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் அந்த மைக் என் வாய்க்கு நேராக வந்து நிற்கிறது.

இப்போது குடோனுக்குள் தடுப்பு வைத்து, அவளுக்கு ஓர் அறை போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதன் கதவில் என் பெயர் இல்லை. போன வாரம் பரளச்சியிலிருந்து கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் பந்தல் பேச வந்தார். மாதிரி காட்டச் சொன்னார். நான் நரிக்குடிப் பந்தலைத் திறந்தேன். வரிசையாகக் கம்புகள், மேலே மஞ்சளும் சிவப்புமாகத் துணி. உச்சியில் 'உபயம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

"என்ன அண்ணாச்சி, உங்க பேரு இல்லாமலும் ஒரு பொருளா?" என்று சிரித்தார்.

"நான் போட்ட பந்தல்தான். இதுக்குள்ள கட்டி நிறுத்துனது என் மருமக" என்றேன். "நடுவுல நான் பேரப் போடுறேன்னு இதக் கெடுத்தேன். அவதான் சரி பண்ணுனா." கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று.

எட்டிப் பார்த்தேன். அவள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கம்பெனிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தாள்.